சுவர்ச் சித்திரமும் ஊசி அறைக் கதவும்

பிள்ளைகள் வந்துபோகும் கிளினிக் ஒன்றை இன்னும் கொஞ்சம் அன்பான இடமாக்க வேண்டும் என்று யாராவது முடிவெடுத்தால், முதலில் வாங்கப்படுவது பெயிண்ட். சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வந்துவிடும். பிறகு மூலையில் ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம், உயரத்தில் ஒரு தொலைக்காட்சி, ஒரு கதவில் தாய்ப்பால் அறை என்ற பலகை. நல்ல மனதோடு செய்யப்படும் காரியங்கள்தாம் இவை. ஆனால் காத்திருக்கும் பிள்ளைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாய்க்கும் இவற்றால் என்ன கிடைக்கிறது என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. எடைபோட்டால் பெயிண்ட் முதல் இடத்தில் நிற்காது.

புஞ்சாக் ஆலாமில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். அந்த ஊர் இருக்கும் கோல சிலாங்கூர் தோட்டங்களின் மாவட்டம். நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் இங்கே தெனமாராம் தோட்டத்தில்தான் நடந்தது. ஈஜோக், ஜெராம், புக்கிட் செராக்கா, கோல்பீல்ட்ஸ், 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய பெஸ்தாரி ஜெயா என்று சுற்றிலும் தோட்டத்து ஊர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் காலத்தில் போகுமிடம் டிரஸர் என்று அழைக்கப்பட்ட தோட்டத்து மருத்துவ உதவியாளரின் மருந்தகம். தோட்டங்கள் கைமாறி, காடு நகரமாகி, வீட்டு வரிசைகள் எழுந்த பிறகு, அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும், கோலாலம்பூர்ப் பக்கம் வீடு வாங்கக் கட்டுப்படியாகாமல் இங்கே குடியேறிய இளம் தம்பதிகளும் அரசாங்கக் கிளினிக்கின் தாய்சேய்ப் பகுதியில் நம்பர் எடுத்து ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். இளம் பெற்றோர் நிறைந்த ஊர். வரிசை குறையப்போவதில்லை.

எத்தனை முறை உட்காருகிறார்கள் என்பதைத் தடுப்பூசி அட்டவணையே சொல்லிவிடும். பிறந்த உடன் போடும் ஊசிகளை விட்டுவிட்டால், 2, 3, 4, 5, 6, 9, 12, 15, 18 என்று ஒன்பது மாதக் கணக்குகள். 2020 இறுதியில் ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசியும் நிமோகோக்கல் ஊசியும் அட்டவணைக்குள் வந்தபோது அமைந்த வரிசை இது. ஒன்றரை வயதுக்குள் ஒரு பிள்ளை ஒன்பது முறை ஊசிக்காகவே அந்தக் கூடத்தில் காத்திருக்கிறது. எட்டு, ஒன்பது மாதத்தில் வேற்றுமுகம் பார்க்கத் தொடங்கும் பிள்ளை, தட்டம்மை ஊசிக்கு வரும் நாளில் யாரைக் கண்டாலும் அழும். அந்த அழுகையை யானைப் படம் நிறுத்துமா?

எடை பார்க்கும் இடத்தில் சற்று நேரம் நின்று கவனித்தால் தேவை என்ன என்பது பிடிபடும். நாலு மாதக் குழந்தையின் சட்டையைக் கழற்ற வேண்டும், பெம்பர்ஸையும் கழற்ற வேண்டும். தாயின் தோளில் பை. கக்கத்தில் குழந்தையின் சுகாதாரப் பதிவேடு. நம்பர் சீட்டை உதடுகளுக்கு நடுவில் கவ்வியிருக்கிறார். கழற்றிய துணியை வைக்க இடமில்லை. பக்கத்து மேசை முழுக்க மிஸ்ஸியின், அதாவது தாதியின், கோப்புகள். மூன்று வயது மூத்தது சட்டை நுனியைப் பிடித்து இழுக்கிறது. எடைத் தட்டின் குளிர்ச்சி பட்டதும் குழந்தை உடம்பை முறுக்கி வீறிடுகிறது. எடையைக் குறித்தாயிற்று, அடுத்த நம்பர். அழும் குழந்தைக்கு நின்றபடியே, ஒரு கையால், சட்டையை மாட்ட வேண்டும். இந்தக் காட்சியில் குறைவது அழகு இல்லை. ஒரு முழ அகலத்தில் ஒரு மேடை, தட்டின்மேல் விரிக்க ஒரு துணி, சுவரில் இரண்டு கொக்கி. அவ்வளவுதான்.

ஆகவே நான் வைக்கும் அளவுகோல் நான்கு கேள்விகள்: தாயின் கை காலியாகிறதா? பிள்ளையின் கால் தரையில் படுகிறதா? அடுத்து என்ன, எப்போது என்று அங்கே இருப்பவருக்குத் தெரிகிறதா? வரும்போது இல்லாத நோய் திரும்பும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா? ஒரு கூடம் அன்பானதா என்பதை இந்த நான்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சுவர்ச் சித்திரத்துக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். மருத்துவமனை வடிவமைப்பைப் பற்றிய சிந்தனையையே மாற்றிய ஆய்வு, சந்தேகமில்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் 46 பேர், எல்லாரும் படுக்கையில் கிடந்த பெரியவர்கள். அவர்கள் பார்த்தது நிஜ மரம். அதைக் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் மடியில் நெளியும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சுவரில் வரைந்த மரம் ஆறுதல் தரும் என்று நிறுவ முடியாது. அந்த ஆய்விலிருந்து நமக்கு நியாயமாகக் கிடைக்கும் பாடம் வேறு: கூடத்துக்கு ஜன்னல் வைத்து, வெளியே நிற்கும் மரத்தை வெட்டாமல் விடுங்கள். மரத்துக்குக் குறைவில்லாத இந்த வட்டாரத்தில் அது பெயிண்டைவிட மலிவு.

விளையாட்டுப் பொருள்கள் மீது எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. நியூசிலாந்தில் பொது மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளில் கிடந்த பொம்மைகளைச் சோதித்து 2002இல் வந்த ஓர் ஆய்வு, பஞ்சு பொம்மைகளில் கிருமி அதிகம், கழுவிய பிறகும் சீக்கிரமே பழையபடி ஆகிவிடுகிறது, ஆகவே அவை அங்கே வேண்டாம் என்று சொன்னது. பொம்மையில் கிருமி இருந்தது என்பதற்குத்தான் அது சான்று. பொம்மையால் பிள்ளை நோயுற்றது என்பதற்கு இல்லை. ஆனால் மலேசியப் பெற்றோருக்குக் கை, கால், வாய்ப் புண் நோய் புதிதல்ல. 1997இல் சரவாக்கில் அது உயிர்களையே பறித்தது. எச்சில் பட்ட பிளாஸ்டிக் துண்டு ஒன்று கைமாறிக்கொண்டே இருக்கும் மூலையில், அதைத் துடைக்கும் வேலை யாருடையது என்று எழுதப்படாமல் இருந்தால், அந்த மூலையைத் திறக்காமல் இருப்பதே பிள்ளைக்கு நல்லது. சுவரில் பதித்த மணிச்சட்டம், தரையில் வரைந்த பாண்டிக் கட்டம், கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கண்ணாடி. ஒரே துணியால் துடைக்கக்கூடிய இப்படிப்பட்டவை போதும்.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒரே நேரத்தில் ஒரு மணிக்கு மேல் கட்டிப்போட்டு உட்கார வைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. அதே அறிவுரையைத் தாய்மார்களுக்குச் சொல்லும் கிளினிக், தன் கூடத்தில் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளக்கூடாது.

இனி தாய்ப்பால் அறை. வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதில்தான் பெரும்பாலான வரைபடங்கள் தவறுகின்றன. ஊசி போடும்போது ஏற்படும் வலியைக் குறைப்பது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த பரிந்துரைகளில், தாய் பிள்ளையை அணைத்து வைத்திருப்பதும், ஊசிக்குச் சற்று முன்போ ஊசியின்போதோ பால் கொடுப்பதும் இடம்பெற்றன. ஒரு மாதத்திலிருந்து ஒரு வயது வரையிலான குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வும், ஊசியின்போது பால் குடிக்கும் குழந்தை குறைந்த நேரமே அழுகிறது என்று கண்டது. இந்தக் கட்டுரையில் வரும் சான்றுகளிலேயே உறுதியானது இதுதான். பெயிண்டைப் பற்றியோ பொம்மையைப் பற்றியோ இவ்வளவு தெளிவான முடிவு எதுவும் நம் கையில் இல்லை. அப்படியிருக்க, பால் கொடுக்கும் அறை கூடத்தின் ஒரு கோடியிலும் ஊசி அறை மறு கோடியிலும் இருந்தால், தாய் என்ன செய்வார்? நம்பர் தவறிவிடுமோ என்ற பயத்தில் அந்த அறைக்கே போகமாட்டார். ஊசி அறைக்குள்ளேயே, திரை போட்டு, கைப்பிடியும் முதுகுச் சாய்வும் உள்ள ஒரு தாழ்வான நாற்காலி. அதில் தாய் உட்கார்ந்திருக்க, மிஸ்ஸி குனிந்து ஊசி போடும் ஏற்பாடு. மிஸ்ஸியின் முதுகு வலிக்கும், ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகள் என்பார்கள். நியாயம்தான். மிஸ்ஸிக்கும் சக்கரம் வைத்த தாழ்வான இருக்கை ஒன்று வேண்டும்.

அந்த ஊசி அறையின் கதவு என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். பல இடங்களில் அது காத்திருப்போரை நோக்கியே திறக்கிறது. ஊசி போட்ட பிள்ளை அலறிக்கொண்டு வெளியே வருகிறது. ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க அதைச் சற்று நேரம் அங்கேயே இருத்தி வைக்க வேண்டும். எங்கே? இன்னும் ஊசி போடாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கதவைக் கண்டதுமே தாயின் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். காத்திருப்பு என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது உண்மையில் இரண்டு. முன்னது பதற்றம், பின்னது தேற்றுதல். இரண்டையும் ஒரே பெஞ்சில் வைத்தால் முன்னது பெருகும், பின்னது நடக்காது. உள்ளே போக ஒரு கதவு, வெளியே வர இன்னொரு கதவு, வெளியே வந்ததும் நிழலான ஒரு தாழ்வாரம். இந்த ஒன்றைச் செய்த கிளினிக்கின் சுவர் வெறும் வெள்ளையாக இருந்தாலும் அது பிள்ளையை மதித்த கிளினிக்.

நோய்த்தொற்றையும் கதவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தட்டம்மை வைரஸ், நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கக்கூடியது. நம் அட்டவணைப்படி ஒன்பது மாதத்துக்கு முன் பிள்ளைக்கு அந்த ஊசி இல்லை. எனவே தாய்சேய்ப் பகுதியைக் காய்ச்சல் நோயாளிகளின் பகுதியிலிருந்து பிரித்து வைக்கும் மலேசிய வழக்கம் அருமையானது. அதைக் குலைக்கும் எந்த அழகுபடுத்தலையும் ஏற்கக்கூடாது. குளிர்சாதனம் போட்டு ஜன்னல்களை அடைத்துவிடுவதும் அந்தக் குலைத்தலில் சேரும். இந்த வெயிலில் குளிர்சாதனம் வேண்டாம் என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் உயரமான கூரை, எதிரெதிர் ஜன்னல், மேலே மின்விசிறி என்பது இங்கே முயன்று பார்த்த வழி.

தோட்டத்து ஆயாக் கொட்டகையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அம்மாக்கள் விடிவதற்கு முன்பே பால்மரம் வெட்டப் போய்விட, வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்களில் பிள்ளைகள் தூங்கிய இடம். அதை ஏக்கத்தோடு கொண்டாடுவது அநியாயம். ஆள் பற்றாமல், பால் பற்றாமல், மூக்கொழுகிக்கொண்டு, பூச்சி விழுந்த வயிற்றோடு பிள்ளைகள் கிடந்த கொட்டகைகளும் அவற்றில் உண்டு. தாய்க்கு வேறு வழி வைக்காத ஒரு தொழில் முறையின் விளைவு அது. 1990இல் வந்த 446ஆம் சட்டம் தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கும் விதி எழுத வேண்டியிருந்தது என்பதே பழைய நிலைமையைச் சொல்லும். ஆனாலும் அந்தக் கொட்டகையின் அமைப்பில் ஒரு சரியான புரிதல் இருந்தது: பாதிச் சுவர், காற்று, தவழத் தரை, ஆட்டத் தொட்டில். அங்கே எல்லாமே தரையிலிருந்து தொடங்கின. இன்றைய கூடத்தில் ஒன்றோடொன்று பிணைத்த நாற்காலிகள் பெரியவரின் முழங்கால் உயரத்திலிருந்து தொடங்குகின்றன. பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்குகிறது. இறங்கினால் ஓட இடமில்லை, ஏறினால் விழும். நாற்காலிகளில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் ஓர் அடி உயரத் திண்ணை ஒன்றைச் சுவரோரம் கட்டினால், தாய், பை, கைக்குழந்தை, மூத்த பிள்ளை எல்லாரும் ஒரே இடத்தில் அடங்குவார்கள். முழங்கால் மடக்க முடியாத பாட்டிக்கும் மாதம் நிறைந்த கர்ப்பிணிக்கும் நாற்காலி இருந்தே ஆக வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லவில்லை.

தரை வெறும் சௌகரியம் மட்டுமல்ல. 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று கேட்கும் வினாத்தாளைப் பெற்றோர் நிரப்புகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா, எதையாவது சுட்டிக் காட்டுகிறதா என்ற கேள்விகள். மடியில் ஒன்று திமிற, டிங்டாங் என்று நம்பர் ஒலிக்க, பேனா ஓடாத நிலையில் நிரப்பப்படும் தாள் அது. மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தால் தெரியும்படி தரையில் நாலு பிள்ளைகள் நடமாடினால், தாள் சொல்லாததைக் கண் சொல்லக்கூடும். காத்திருக்கும் கூடம் பரிசோதனைக்கும் உதவும் என்பதை வரைபடம் போடுபவர்கள் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

புத்தகத்தின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான். 1989இல் பாஸ்டனில் தொடங்கிய ரீச் அவுட் அண்ட் ரீட் திட்டத்தைக் காட்டி, காத்திருப்பு அறையில் புத்தக அலமாரி வைத்தால் பிள்ளையின் மொழி வளரும் என்கிறார்கள். அந்தத் திட்டத்தின் பலன் என்று ஆய்வுகள் காட்டுவது, மருத்துவரே பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுத்து, வீட்டில் எப்படி வாசித்துக் காட்டுவது என்று பெற்றோரிடம் பேசுவதால் வருவது. அலமாரி தனியாக அதைச் செய்துவிடாது. நல்ல தமிழ்ப் படப் புத்தகம் ஒன்றை 9 மாத ஊசியன்று கையில் கொடுத்தனுப்பும் ஏற்பாடு இருந்தால் அதற்கு என் முழு ஆதரவு உண்டு. அறிவிப்புப் பலகையில் தமிழ் என்பது வேறு கேள்வி. இங்கே பிறந்து வளர்ந்த இளம் பெற்றோருக்கு மலாய் தடையில்லை. வேலைக்குப் போன மகளுக்குப் பதிலாகப் பேத்தியைத் தூக்கிவரும் பாட்டிக்குத்தான் தமிழ் வேண்டும். அதே வரிசையில், இன்று செம்பனைத் தோட்டங்களில் உழைக்கும் இந்தோனேசிய, வங்காளதேசக் குடும்பங்களும் இருக்கலாம். படமும் எண்ணும் அம்புக்குறியும் எல்லாருக்கும் வழிகாட்டும். தமிழ் வரி கூடவே இருந்தால் பாட்டிக்கு மரியாதை.

இனி எதிர்த்தரப்பு. அதன் வாதங்கள் லேசானவை அல்ல. முதலாவது: வெறும் பெஞ்சும் சிமெண்டுத் தரையும் கொண்ட கிளினிக்குகளை வைத்துத்தான் இந்த நாடு சாதித்தது. 1957இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் எழுபதுக்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்தன; இன்று அந்தக் கணக்கு பத்துக்குக் கீழே. மறுக்க முடியாத உண்மை. அந்தப் பெருமை பெஞ்சுக்கு இல்லை, சைக்கிளில் வீடு வீடாகப் போன மருத்துவச்சிக்கும், சுத்தமான தண்ணீருக்கும், ஊசிக்கும். ஆனால் பெஞ்சு அதைத் தடுக்கவும் இல்லை. இருந்தும் காலம் மாறிவிட்டது. அன்று கிளினிக்கைவிட்டால் வேறு கதி இல்லை. இன்று ஊசியை வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். 2016இல் தொண்டை அடைப்பான் நோய் திரும்பிவந்து பிள்ளைகளைக் கொண்டுபோனதையும் பார்த்தோம். கூடம் நன்றாக இருந்தால் மறுப்பவர் மனம் மாறுவார் என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் மூன்றாம் முறையே களைத்துப்போய், நாலாவது ஊசியைத் தள்ளிப்போடும் தாய் மறுப்பவர் அல்லர். அவரை இழக்காமல் இருப்பது கூடத்தின் கையில் கொஞ்சமேனும் இருக்கிறது.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது: காத்திருக்கும் இடத்தை அழகாக்காதீர்கள், காத்திருப்பை ஒழியுங்கள். வசதியான கூடம் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கிவிடும் என்பது அதன் சாரம். பாதி ஒப்புக்கொள்கிறேன். மைசெஜாத்ரா செயலி வழியாக நேரம் குறித்து வருவது நல்ல முன்னேற்றம். ஆனால் கணவர் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் இறக்கிவிட்ட தாய், பத்து மணிக்குக் குறித்த நேரத்துக்கு எட்டு மணிக்கே வந்துவிடுவார். மழை பிடித்துக்கொண்டால் ஊசி முடிந்தும் நிற்பார். பதிவு, எடை, மிஸ்ஸி, டாக்டர், ஊசி, பிறகு கண்காணிப்பு என்று ஒவ்வொரு வாசலிலும் தனித்தனி வரிசை. நேரத்தைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. டேவிட் மெய்ஸ்டர் 1985இல் காத்திருப்பின் உளவியலைப் பற்றி எழுதியதில் எனக்கு உதவுவது, காரணமும் அளவும் தெரியாத காத்திருப்பு நீண்டதாகத் தோன்றும் என்ற கூற்று. அவர் பேசியது வாடிக்கையாளர்களைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி அல்ல. கைக்குழந்தைக்கு நேரமே தெரியாது. ஆனால் தாய்க்குத் தெரியும். இன்னும் பதினைந்து பேர் என்று தெரிந்தால் பால் கொடுப்பார், பெம்பர்ஸ் மாற்றுவார், மூத்ததைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவார். தெரியாவிட்டால் எதையும் செய்யாமல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வெள்ளைப் பலகையில் மிஸ்ஸி அரை மணிக்கு ஒருமுறை எழுதும் ஒரு வரி போதும். மற்ற எந்தச் செலவும் இவ்வளவு குறைவாக இருந்து இவ்வளவு தராது.

கிளினிக்கின் அளவையும் தீர்ப்பில் சேர்க்க வேண்டும். ஒரு நாளில் 800 பேருக்கு மேல் வரும் முதல் வகைக் கிளினிக்குக்கு நான் சொல்லும் இரட்டைக் கதவும் தனிக் கூடமும் உயிர்நாடி. இருபதாயிரம் பேருக்கு ஒரு கிளினிக் கெசிஹாத்தான் (சுகாதாரக் கிளினிக்), நாலாயிரம் பேருக்கு ஒரு கிளினிக் டேசா (கிராமக் கிளினிக்) என்ற பழைய கணக்கில் கட்டிய சின்னக் கிளினிக் டேசாவில், பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு மிஸ்ஸி இருந்தால், இவற்றில் பாதி தானாகவே நடந்துவிடும். அங்கே செலவிடும் பணத்தை எடைத் தட்டுக்குப் பக்கத்து மேடைக்கும் தாழ்வாரத்துக் கூரைக்கும் கொடுக்கலாம்.

என் தீர்ப்பு: முதலில் கதவு, அடுத்து பலகையில் ஒரு வரி, பிறகு மேடை, திண்ணை, ஊசி அறை நாற்காலி, துடைக்க ஆள் உறுதியானால் விளையாட்டு மூலை, மீதமிருந்தால் சித்திரம். சித்திரம் கடைசியில் நிற்பதால் அது வேண்டாதது என்று பொருளில்லை. முதலில் நின்றால் மற்றவற்றுக்குரிய பணத்தையும் கவனத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதே குற்றச்சாட்டு. புஞ்சாக் ஆலாம் போன்ற வளரும் ஊரில் இனிக் கட்டப்போகும் கிளினிக்கின் வரைபடத்தில் இரண்டாவது கதவு ஒரு கோடு மட்டுமே. கட்டிய பிறகு அது சுவரை இடிக்கும் வேலை. ஏற்கெனவே கட்டியாகிவிட்ட இடங்களில், ஊசி அறைக்கு முதுகு காட்டும்படி நாற்காலி வரிசைகளைத் திருப்பி, கதவுக்கு முன் ஒரு மறைப்பு நிறுத்தி, ஊசி போட்ட பிள்ளைகளைப் பக்கவாட்டுத் தாழ்வாரத்துக்கு அனுப்பலாம். அதற்கு ஒரு சனிக்கிழமையும் நாலு பேரும் போதும்.